நடுகல்லில் ஒரு நாய்: விலங்கு உருவப்படமும் மெய்ப்பாடும்

வளர்ப்பு நாயின் உருவப்படத்தைக் கலையாக மதிப்பதில் திறனாய்வாளர்க்கு என்றும் ஒரு தயக்கம் உண்டு. பளபளக்கும் ஈரக்கண், சற்றே சாய்ந்த தலை என ஒளிப்படத்தைப் பார்த்து வரையப்படும் இன்றைய படங்கள் அத்தயக்கத்தை வலுப்படுத்துகின்றன. அவற்றில் தோன்றும் உணர்ச்சி நாயினுடையதா, அதனை வளர்த்தவருடையதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் இவ்வினாவுக்குப் பழைய விடையொன்றைத் தருகிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் இது. எருமைகளின் பொருட்டுப் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் நாய் ஒன்றும் புடைப்புருவமாக வெட்டப்பட்டுள்ளது. அந்நாய்க்குத் தனி வாசகம் உண்டு. கோவிவன் எனப் படிக்கப்பட்டுள்ள பெயரும் உண்டு. கள்ளரைக் கடித்து அது காவல் நின்றதை வாசகம் கூறுகிறது. வீரனைப் பற்றிய தொடர் 'பட்டான் கல்' என்று முடிய, நாயைப் பற்றிய தொடர் 'காத்திருந்தவாறு' என்று முடிகிறது. முன்னது கல் எழுப்பப்பட்ட காரணத்தை உரைப்பது. பின்னது செதுக்கப்பட்ட உருவத்தையே சுட்டுவது. அதாவது, நாய் காத்திருந்த கோலம் இது என்பதாம். ஆகவே இதனைப் படத்துக்கு எழுதிய குறிப்புரை எனலாம். நடுகற்களில் வரும் நாயை வீரனின் துணையுருவாக மட்டும் எண்ணிக் கடந்துவிடுவதற்கு இவ்வாசகத்தின் தொடரமைப்பு இடந்தரவில்லை.

கர்நாடகத்தின் ஆதக்கூர்க் கல்லும் (949–950) பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் நாயைப் பெயர் சுட்டியே நினைவுகூர்கிறது.

ஆங்கில ஓவியர் எட்வின் லேண்ட்சீர் 1839இல் வரைந்த இரு நாய்களுக்கும் கிராஃப்டன், ஸ்க்ராட்ச் என்று பெயர்கள் இருந்தன. ஓவியத்தின் தலைப்போ பெருந்தன்மை, துடுக்குத்தனம் என்னும் மனிதப் பண்புகளை அவற்றின்மேல் ஏற்றிப் பெயர்களை மறைத்துவிட்டது. 1837இல் அவர் வரைந்த, இறந்த இடையனின் சவப்பெட்டிமேல் முகவாய் சாய்த்திருக்கும் நாயின் ஓவியம் இதனினும் மேலானது. ரஸ்கின் அதனை வியந்து பாராட்டியதில் பிழையில்லை. ஆயினும் அங்கும் துயரத்தை உணர்த்த மூக்குக்கண்ணாடியும் விவிலியமும் தேவைப்படுகின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி நோக்கின், லேண்ட்சீரின் நாய் இழவு பற்றிய அழுகைக்கு உரியது. எடுத்தனூர் நாய் பெருமிதத்துக்கு உரியது. பெருமிதத்தின் நிலைக்களன்கள் நான்கனுள் தறுகண், இசைமை ஆகிய இரண்டும் அதற்குப் பொருந்துகின்றன. கடித்தது தறுகண், பெயர் கல்லில் நின்றது இசைமை. மக்களுக்கு வகுத்த இலக்கணத்தை அஃறிணைமேல் ஏற்றலாமா எனின், பெயரிட்டு எழுதிய கல்வெட்டே அதனை முன்னரே ஏற்றிவிட்டது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. வீரன் பட்டதைக் கூறும் கல், நாய் பட்டதாகக் கூறவில்லை. தலைவன் வீழ்ந்தபின்னும் அது அவனருகே நின்றது என்று கொள்ளவும் 'காத்திருந்தவாறு' என்னும் சொல் இடந்தருகிறது. அவ்வாறாயின், லேண்ட்சீர் 1837இல் எடுத்துக்கொண்ட அதே பொருளைப் பல்லவர் காலத்துச் சிற்பி சவப்பெட்டியோ கண்ணீரோ இன்றிச் செதுக்கியிருக்கிறான்.