செம்பூர் அடுக்களையில் ஐந்து தட்டு வெயில்

தாராவி 90 அடி ரோட்டில் கருப்பட்டி வாங்கப் போனவன், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய இலந்தவடைச் சரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பல்லில் ஒட்டிக்கொண்டு புளிப்பும் காரமுமாய்க் கரையும் அதே பக்குவத்தை மாம்பழத்தில் கொண்டுவந்தால் என்ன? கடை அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். சொன்னதும் சிரித்தார். "எங்க காயப் போடுவீய? இங்க உள்ள வெயிலு வேர்க்க வைக்கும் தம்பி, காய வைக்காது."

அனுபவம் எனக்கும் உண்டு. செம்பூரில் ஏழாவது மாடி; மொட்டை மாடிச் சாவி சொசைட்டியிடம். போன மே மாதம் பால்கனியில் பரப்பிய மாம்பழக் கூழ் இரண்டே நாளில் நுரைத்துப் புளித்தது. மிச்சத்தைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன. அதனால்தான் இந்த வருடம் ஃபுட் டிஹைட்ரேட்டர் ஒன்று வாங்கினேன். ஐந்து வட்டத் தட்டுகள், அடியில் ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன், முகப்பில் திருகு, 350 வாட். விலை ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஓடியிருக்கிறது.

சூடு மட்டும் வேண்டுமென்றால் ஓடிஜி அடுப்பு போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. பல ஓடிஜிகள் 100 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கூழ் வெந்து ஓரம் கருகும். பழத்துக்கு 55 முதல் 60 டிகிரியும், ஈரத்தை அள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டமும் வேண்டும். மும்பைக் காற்றே ஈரமாயிற்றே என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டால் தெளிகிறது: 30 டிகிரியில் 75 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடலோர ஊர்க்காரனுக்கு இந்த மெஷினால் நிஜமான லாபம் அதுதான்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பழக்காரர் ஓரமாய் ஒதுக்கி வைத்திருந்த, கறுப்புப் புள்ளி விழுந்த ஹாபூஸ் மாம்பழம் ஒரு கிலோ வாங்கினேன். மிட்டாய்க்கு அழகுப் பழம் தேவையில்லை. புள்ளியை வெட்டி எறிந்து, தோலும் கொட்டையும் போக 600 கிராம் கூழ். அதில் 60 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிடம் அடுப்பில் கிளறி இறக்க வேண்டும். கொதிக்காத கூழ் சீக்கிரம் நிறம் மாறுகிறது. நாலு மில்லிமீட்டர் கனத்தில் பரப்பி, திருகை 60-ல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் அடித்தட்டு அப்பளம், மேல்தட்டு அல்வா. சமையல் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால் அடியில் 71 டிகிரி, உச்சியில் 54! திருகில் அச்சிட்ட எண்ணை நம்பியது என் தவறு. அடியிலிருந்து காற்று ஊதும் அமைப்பில் தட்டுக்குத் தட்டு சூடு ஒன்றாயிருக்கும் என்று எதிர்பார்த்தது இன்னொரு தவறு. இப்போது திருகு 55-ல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை மாற்றி அடுக்குகிறேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள்; தூங்க முடியாது. ஃபேன் சத்தம் வேறு, பழைய டேபிள் ஃபேன் மாதிரி. மே மாத அடுக்களையில் அது கக்கும் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை: தட்டு முழுக்க ஓட்டை. கூழ் ஊற்றும் ஓட்டையில்லாத விரிப்பு ஒன்றே ஒன்றுதான் பெட்டியில் வந்தது. மற்ற தட்டுகளுக்குப் பட்டர் பேப்பரை நடு ஓட்டை விட்டு வட்டமாய் வெட்டிக்கொண்டேன். நடு ஓட்டையை மூடினால் காற்று மேலே போகாது.

எட்டு மணி நேரத்தில் 190 கிராம் மிட்டாய், மீட்டரில் 2.1 யூனிட். பக்குவம் பார்க்க விரல்தான் கருவி: நடுவில் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீள வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஆறியபின் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால் லேசாக ஈரமாய் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

டஹாணு சப்போட்டா மாம்பழத்தைவிடச் சுலபம், சர்க்கரையே வேண்டாம். தர்பூசணி வேண்டவே வேண்டாம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், கடைசியில் சிவப்புக் காகிதம்தான் மிஞ்சியது. எனக்குப் பிடித்தது, அரைப்பழுப்பு மாங்காயில் அண்ணாச்சி கடைக் கருப்பட்டியும் மிளகாய்த்தூளும் சேர்த்தது. இலந்தவடைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம்.

கடல்பாசி (அகர்) ஜெல்லி மிட்டாயும் செய்தேன். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்தச் சரக்கு கிடைக்கிறது. ஜெலட்டின் என்றால் உலர்த்தியில் வைத்ததும் உருகி ஓடும். கடல்பாசி உறைந்தபின் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். சர்க்கரை சேர்த்த ஆரஞ்சுச் சாற்றில் காய்ச்சி, துண்டு போட்டு, 45-ல் நாலு மணி நேரம் வைத்தால் மேலே மெல்லிய சர்க்கரைப் பொருக்கு, உள்ளே வழுவழு. எல்லாவற்றையும் பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டே நாளில் பிசுபிசுப்பு.

எதிர்வீட்டுக் காக்கு (மராத்தியில் சித்தி) ரத்னகிரிக்காரர். ஆம்பா போளி என்கிற மாம்பழத் தகடு சாப்பிட்டே வளர்ந்தவரிடம் பயந்துகொண்டேதான் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ருசித்து, "கனம் பத்தாது" என்றார். ஒரு படலம் காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஊற்றித்தான் அவர்கள் ஊரில் கனம் ஏற்றுவார்களாம். மெஷினில் அப்படி மூன்று படலம் போட்டேன். பதினாறு மணி நேரம் பிடித்தது, ஆனால் கடித்தபோதுதான் மிட்டாய் என்றே தோன்றியது.

வருடத்தில் இரண்டு மாதம் ஓடும் சாமானுக்கு ஐயாயிரம் அதிகம். ஒரு மாடிக்கு ஒன்று என்று பங்கு போட்டு வாங்கினால் சரியான விலை. எங்கள் உலர்த்தி போன வாரத்திலிருந்து காக்கு வீட்டில் ஓடுகிறது. பலாப்பழ வாசனை லிஃப்ட் வரைக்கும் வருகிறது.