ஓநாயும் ஆட்டுக்குட்டியும்: கணக்கில் வராத பிணங்கள்

மனம் திருந்திய கூலிக்கொலைகாரனைப் பற்றி எந்தப் படம் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்வி வரும். இந்த ஆள் இதுவரை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறான்? அதில் எத்தனை பேருக்காக வருத்தப்படுகிறான்? இரண்டு எண்ணும் ஒத்துப்போவதே இல்லை. இருபது பேரைக் கொன்றவன் ஒரே ஒருத்தருக்காக அழுவான். மிச்சம் பத்தொன்பது பேர்? அவங்க கதையிலேயே கிடையாது.

இந்தக் கேள்வியோடு மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தைத் திரும்பப் பார்த்தபோது தோன்றியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

படம் 2013 செப்டம்பரில் வந்தது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். மருத்துவ மாணவன் சந்துரு (ஸ்ரீ) சென்னைத் தெருவில் ராத்திரி நேரத்தில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனைப் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுக்கிறார்கள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஃபோனில் பேராசிரியரிடம் கேட்டுக் கேட்டு, தானே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றுகிறான். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். அவன் பெயர் ஓநாய் (மிஷ்கினே நடித்திருக்கிறார்), போலீஸ் வலைவீசித் தேடும் கூலிக்கொலைகாரன் என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒரே ராத்திரி. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் பழைய முதலாளியின் ஆட்கள். நடுவில் ஓநாய் ஒரு பார்வையற்ற குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். அந்தக் குடும்பத்துப் பிள்ளையை அவன் ஆள் தெரியாமல் கொன்றுவிட்டான். அந்தப் பாரத்தைத்தான் சுமக்கிறான்.

"ஆள் தெரியாமல்" என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த வகைப் படங்களின் முழுக் கணக்கும் அந்த இரண்டு வார்த்தையில்தான் இருக்கிறது.

ஹாங்காங்கின் ஜான் வூ 1989ல் எடுத்த 'தி கில்லர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சௌ யுன் ஃபாட் நடித்த கொலைகாரன், ஒரு கிளப்பில் சுடும்போது அங்கே பாடும் பெண்ணின் கண்பார்வை போய்விடுகிறது. அவளுக்குக் கண் சிகிச்சை செய்யப் பணம் வேண்டும். அதற்காக இன்னொரு கொலைக்கு ஒத்துக்கொள்கிறான்! ஒரு ஜோடிக் கண்ணுக்கு விலை இன்னொரு உயிர். அந்த உயிரைப் பற்றிப் படத்துக்கு எந்த உறுத்தலும் இல்லை. மார்ட்டின் மெக்டோனாவின் 'இன் புரூஜஸ்' (2008) இன்னும் நுட்பமான படம். அதில் ரே ஒரு பாதிரியாரைக் கூலிக்குச் சுடுகிறான், பின்னால் நின்ற ஒரு சிறுவன் மேலும் குண்டு பாய்ந்துவிடுகிறது. படம் முழுக்க ரே அந்தச் சிறுவனை நினைத்து உருகுகிறான். பாதிரியாரை நினைத்து யாரும் உருகுவதில்லை.

ஆக, மூன்று நாட்டுப் படத்திலும் ஒரே கணக்குதான். குறி தப்பிய குண்டுக்குக் குற்றவுணர்ச்சி உண்டு, குறி பார்த்துச் சுட்ட குண்டுக்குக் கிடையாது. தொழிலில் நடந்த பிழைக்குத்தான் வருத்தம், தொழிலுக்கு வருத்தமில்லை.

நாமும் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். ஏனென்றால் குறி வைக்கப்பட்டவன் எப்படியும் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. எங்க ஊர் புதுச்சேரியிலேயே எடுத்த 'நானும் ரௌடிதான்' (2015) படத்தில், அப்பாவைக் கொன்றவனைத் தீர்த்துக்கட்ட ஒரு பெண் ரவுடி தேடுகிறாள். கிடைக்கிறவன் போலீஸ்காரம்மாவின் மகன், ரவுடி என்று சும்மா சொல்லிக்கொண்டு திரிபவன். தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைப் படம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "ஆளை வைத்துக் கொல்வது" அதில் எவ்வளவு சாதாரணமான ஏற்பாடாக இருக்கிறது பாருங்கள். வெளியே செய்தித்தாளில் அதே வேலைக்குக் "கூலிப்படை" என்று பெயர். கொலை நடந்த சில நாளில் "வேறு ஊர் நீதிமன்றத்தில் சரண்" என்று ஒரு பத்திச் செய்தி வரும். அந்தச் சரணுக்கும் மனம் திருந்துவதற்கும் சம்பந்தமில்லை என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் இந்த விஷயத்துக்கு வேர் எங்கே என்று தேடினால் சிலப்பதிகாரத்தில் போய் நிற்கிறது. கோவலனைக் கொல்ல உத்தரவு போட்டவன் பாண்டியன். அது தவறு என்று சிலம்பு உடைந்து தெரிந்ததும் அரியணையிலேயே விழுந்து சாகிறான். நம் மனதில் ஆழமாகப் பதிந்த குற்றவுணர்ச்சிக் காட்சி அதுதான்: தப்பு என்று தெரிந்த நொடியே உயிர் போக வேண்டும். மகன் கன்றைத் தேர்க்காலில் கொன்றதற்கு மனுநீதிச் சோழன் செய்ததும் உயிருக்கு உயிர் என்ற கணக்குத்தான்.

ஆனால் பாண்டியன் கையில் வாள் இல்லை. வெட்டியது யார்? கொலைக்களக் காதையில் பதில் இருக்கிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களைக் கரைக்கிறான். கடைசியில் படிப்பறிவில்லாத, குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான், ராத்திரி தூங்கினானா, கண்ணகி மதுரைத் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்தானா, எதுவும் காப்பியத்தில் இல்லை. குற்றவுணர்ச்சி அரசனுக்கு உரிய சொத்து; கூலிக்கு வெட்டிய கைக்கு அது கிடையாது. தமிழில் மனம் திருந்திய கூலிக்கொலைகாரன் படத்துக்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான் என்று நினைக்கிறேன். இளங்கோ விட்டுவிட்டுப் போன அந்தக் காவலனின் கதையை அது சொல்ல வருகிறது.

அதைச் சொல்வதற்கு இன்னொரு மாதிரி தேவைப்பட்டது. தப்புச் செய்தவன் சாகாமல், வாழ்ந்து கடனைத் தீர்க்கும் மாதிரி. தமிழில் அதற்குப் பெரிய கதவைத் திறந்தது புதுச்சேரியில் இருந்த ஒருவர். சுத்தானந்த பாரதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்தவர், பெரும்பகுதி மௌனத்தில். விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ல்' நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கியவர் அவர். அதை வைத்து கே. ராம்நாத் இயக்க, கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1950ல் அதே பெயரில் படம் எடுத்தது. திருந்திய கைதியாக நாகையா நடித்தார். துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மிஷ்கின் படத்தில் போலீஸ் துரத்தத் துரத்த ஓடிக்கொண்டே ஒரு குழந்தையைக் காப்பாற்றும் குற்றவாளியைப் பார்க்கும்போது, இந்த வம்சம் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஒரு வித்தியாசம் மட்டும் மலையளவு. ழான் வால்ழான் திருடியது ரொட்டி. பிறகு பாதிரியார் வீட்டு வெள்ளிச் சாமான். ரொட்டிக்குப் பதில் ரொட்டி கொடுக்கலாம். வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கலாம், பாதிரியாரே "வைத்துக்கொள்" என்றும் சொல்லலாம். உயிரை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? "பரவாயில்லை" என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் செத்துப்போய்விட்டான். கொலைகாரனின் மீட்சி என்பது ஆரம்பத்திலேயே முடியாத காரியம். அது முடியாத காரியம் என்று தெரிந்துகொண்டு எடுத்தால்தான் படம் நேர்மையானது.

மிஷ்கினுக்கு அது தெரிந்திருக்கிறது. அதற்குச் சாட்சி கல்லறைத் தோட்டக் காட்சி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓநாய் அந்தப் பார்வையற்ற சிறுமி கார்த்திக்குக் காட்டு மிருகங்களின் கதை ஒன்று சொல்கிறான். வெட்டே இல்லாமல் நீளும் ஒரே ஷாட். ஃபிளாஷ்பேக் கிடையாது. கொலையைக் காட்டுவதில்லை, ரத்தத்தைக் காட்டுவதில்லை. சந்துரு கேட்டுக்கொண்டிருக்கிறான், நாமும் கேட்கிறோம். கொலைகாரனின் வாக்குமூலம் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ சாமிக்கோ போகவில்லை. பாதிக்கப்பட்ட வீட்டுக் குழந்தைக்குப் புரிகிற மொழியில், அவளிடமே போகிறது. 'இன் புரூஜஸ்' முடிவில் ரே, பிழைத்தால் அந்தச் சிறுவனின் தாயிடம் போய் நிற்கலாம், அவள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் நினைக்கிறான், அதோடு படம் முடிந்துவிடும். ஓநாய் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தவன். ரேயின் கடைசி எண்ணம்தான் ஓநாயின் அன்றாட வேலை: அவர்களோடு இருப்பது, பார்த்துக்கொள்வது. இந்த வகைப் படங்களில் இவ்வளவு தூரம் போனவை குறைவு.

இதற்கு மேல் போக வேண்டிய இடத்தில்தான் படம் தடுமாறுகிறது. எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன.

ஒன்று, ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. ஓநாய் குறி பார்த்துக் கொன்றவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். அந்த வீடுகளில் கண் தெரிந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அந்தக் கதைக்குள்ளும் ஒரு வரி இல்லை. இரண்டு, அந்தக் குடும்பத்தைக் காக்க அதே ராத்திரியில் இன்னும் பல பேர் சாகிறார்கள். வாகன நிறுத்தத்தில் நடக்கும் சண்டையை நாமும் ரசிக்கிறோம். கொலைக்குப் பரிகாரமாகக் கொலை என்பது ஜான் வூவின் கணக்கேதான். மூன்று, பார்வையற்றவர்களை ஆட்டுக்குட்டி ஆக்கியது. அவர்கள் கோபப்பட வேண்டும், இவன் கையால் சாப்பிட மாட்டேன் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டும். அப்பாவித்தனத்தின் அடையாளமாக மட்டும் இருந்தால், அவர்கள் ஓநாயின் மீட்சிக்காக வைத்த பொருளாகிவிடுகிறார்கள். சொல்லப்போனால், மன்னிக்க மறுக்கும் உரிமை இல்லாதவர்களிடம் வாங்கும் மன்னிப்புக்கு எடை குறைவு.

கடைசியில் ஓநாய் சாகிறான். திரும்பவும் பாண்டியன் அரியணைதான். தமிழ் சினிமாவால் திருந்தியவனை உயிரோடு விட முடிவதில்லை. செத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

இந்த இடத்தில் பௌத்த மரபின் அங்குலிமாலன் கதை ஞாபகம் வருகிறது. விரல்களை மாலையாகக் கோத்தவன், புத்தரைச் சந்தித்துத் துறவியானவன். கதை அங்கே முடியவில்லை. துறவியான பிறகும் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி படுகிறான். தலை உடைந்து ரத்தத்தோடு திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்றுதான் புத்தர் சொல்கிறார். எறிந்தவர்களைக் கதை திட்டவில்லை. திருந்தியதும் உண்மை, கல்லும் நியாயம்; இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. அப்படி, கல்லடி பட்டும் மறுநாள் அதே தெருவுக்குத் திரும்பப் போகிற ஒரு கூலிக்கொலைகாரனைத் தமிழில் இன்னும் யாராவது எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தை நான் கைவிடமாட்டேன். காரணம் சந்துரு. குண்டடிபட்டவனை யார் என்று கேட்காமல் காப்பாற்றினான், அதற்காகப் போலீஸிடம் அடிபட்டான். போலீஸ் கேஸ் என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989ல். படம் வந்தது 24 வருஷம் கழித்து. அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைப் பார்த்து யாரும் "இப்படியெல்லாம் நடக்காது" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஓநாய் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறான். சந்துரு கணக்கே பார்க்கவில்லை. கார்த்தி கடைசியில் அவன் கைக்குத்தான் வருகிறாள்.