நான்காவது கட்டளை: செத்தவர் வாய்க்குக் கம்பெனிப் பூட்டு

செத்தவன் திரும்பி வந்தா என்ன பேசுவான்? பால் வெர்ஹோவனின் 'ரோபோகாப்' (1987) படத்தை இன்று இந்தக் கேள்வியோடுதான் மறுவாசிப்புச் செய்ய வேண்டியிருக்கிறது. டெட்ராய்ட் நகரப் போலீஸையே ஒரு கம்பெனி நடத்துகிறது. சுட்டுக் கொல்லப்பட்ட மர்பி என்ற போலீஸ்காரனின் உடம்பை அது எந்திரமாக்குகிறது. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டாயிற்று. செத்தபின் உடம்பு கம்பெனிச் சொத்து.

எந்திரத்துக்கு மூன்று கட்டளைகள் வெளிப்படையானவை. நான்காவது ரகசியம்: கம்பெனியின் உயர் அதிகாரியைக் கைது செய்யக் கூடாது. மீறினால் முடங்கிப் போகும். பிரதியின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. முடிவில் முதலாளியே அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்க, மர்பி சுடுகிறான். கெட்டவன் ஒருத்தன் போனான், கம்பெனி பிழைத்துக் கொண்டது. படம் தன் கேள்விக்குத் தானே பயந்து பின்வாங்கும் இடம் இது.

நம்மிடம் வேறொரு மரபு உண்டு. மதுரைவீரனும் காத்தவராயனும் அதிகாரத்தால் கொல்லப்பட்டுச் சாமியானவர்கள். சாமியாடி மேல் இறங்கும் செத்தவர் பங்கு கேட்பார், குறை சொல்வார், சொந்தக் குடும்பத்தையே திட்டுவார். பதில் சொல்லியாக வேண்டும். இதிலும் சாதி அதிகாரம் புகுந்து விளையாடும்தான். ஆனாலும் கோபப்படும் உரிமை செத்தவருக்கு இருந்தது.

திரைப்படப் பயிற்சி நிறுவனமும், 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும் ஒரே தரமணியில் இருக்கின்றன. அந்த இரண்டு தொழில்களும் சேர்ந்து இன்று செத்தவர்களை எழுப்புகின்றன. 2024-இல் மட்டும் பாருங்கள்: 'லால் சலாம்' பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள், 'தி கோட்' படத்தில் விஜயகாந்த் முகமும் பவதாரிணி குரலும். அதே ஆண்டு ஜனவரியில் டி.ஆர். பாலு நூல் வெளியீட்டு விழாத் திரையில் கருணாநிதி தோன்றி, மகனின் தலைமையைப் பாராட்டினார். இவர்களில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டவும் மாட்டார்கள், நான்காவது கட்டளை உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். நல்ல விஷயம்தான். ஆனால் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், அந்தரங்க உரிமையும் பிம்பத்தின் மீதான உரிமையும் அவரோடே முடிந்துவிட்டன, வாரிசுக்கு வராது என்றது. அந்தப் பார்வையில் வாரிசின் சம்மதம் சட்டக் கட்டாயமல்ல, வெறும் மரியாதை. அது கட்டாயமானாலும் பிரச்சினை தீராது. வாரிசு தரக்கூடியது பயன்படுத்தும் உரிமை. 'இந்த வரியை நான் பாடமாட்டேன்' என்று மறுக்கும் உரிமையைச் செத்தவர் சார்பில் யார் பயன்படுத்துவது?

மூலதனத்தைச் செத்த உழைப்பு என்றார் மார்க்ஸ். உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் அது வாழ்கிறது. இங்கே செத்த தொண்டை, உயிரோடிருக்கும் பாடகரின் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறது. வேலைநிறுத்தம் செய்யாத, கூலி உயர்வு கேட்காத தொழிலாளி கிடைத்துவிட்டான். 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இதுவும் ஒரு கோரிக்கை. அங்கே நட்சத்திரங்களோடு துணை நடிகர்களும் நின்றார்கள்.

இங்கே கோரஸ் பாடுபவர், டப்பிங் பேசுபவர், கூட்டத்தில் நிற்பவர் பற்றிப் பேச்சே இல்லை. பெயர் போடப்படாதவர் செத்தபின் அவர் குரலைப் பயன்படுத்தினால் யாரிடம் அனுமதி கேட்பார்கள்? உயிரோடிருக்கும்போதே அவர் போடும் ஒப்பந்தத்தில் மறுக்கும் உரிமையை எழுத வைப்பதுதான் இன்றைய வேலை. தியேட்டரில் விசிலடிக்கும் நாமும் தொழிற்சங்கங்களும் இதை விவாதிக்க வேண்டும்.