பேட்டன் நோயுள்ள சிறுவர்களுக்கான அறிதிறன், நடத்தை மதிப்பீடு: ஒரு திறனாய்வு

சி.எல்.என்.3 மரபணுப் பிறழ்வால் உண்டாகும் பேட்டன் நோய், சிறுவர்களைத் தாக்கும் நரம்புச் சிதைவு நோய்களுள் ஒன்று. பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் பார்வை மங்கத் தொடங்கும். பின்னர் நினைவாற்றல் குறைவு, வலிப்பு, பேச்சுக் குழறல், நடைத் தளர்ச்சி ஆகியவை வரும். கண்ணும் மூளையும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால், ஒரு பிள்ளை விடை சொல்லத் தவறினால் அதன் காரணம் எது என்று பிரித்தறிவதே மதிப்பீட்டின் முதல் சிக்கல்.

வாய்மொழித் தேர்வு போதுமா?

வெக்ஸ்லர் சிறுவர் நுண்ணறிவு அளவுகோலில் வண்ணக் கட்டைகளை அடுக்குதல், குறியீடுகளை எழுதுதல் போன்ற பகுதிகளுக்குப் பார்வை தேவை. அவற்றை விடுத்து, சொற்பொருள் கூறல், ஒப்புமை காணல், எண்தொடரைத் திரும்பச் சொல்லல் ஆகியவற்றை மட்டும் நடத்துவது வழக்கம். இது எளிய வழி. ஆனால் முழுமையான வழி அன்று. கட்டை அடுக்குதல் காட்டும் இடவுணர்வு அளக்கப்படாமலே போகிறது. நோய் முற்றும்போது பேச்சும் குழறுவதால், விடை தெரிந்த பிள்ளையும் குறைந்த மதிப்பெண் பெறக்கூடும்.

மதிப்பெண்ணைப் படிக்கும் முறையிலும் கவனம் தேவை. 8 வயதில் 20 வினாக்களுக்குச் சரியாக விடையளித்த பிள்ளை 10 வயதிலும் அதே 20-க்கு விடையளிப்பதாகக் கொள்வோம். கற்றதை அப்பிள்ளை இழக்கவில்லை. ஆனால் ஒத்த வயதினர் முன்னேறியிருப்பதால் வயதுக்கேற்ற தரப்புள்ளி இறங்கும். தரப்புள்ளியை மட்டும் பார்ப்பவர் இதைத் திறன் இழப்பு என்று எண்ணிவிடுவார். சரியான விடைகளின் மொத்த எண்ணிக்கையையும் பதிவு செய்தால் இந்தப் பிழை நேராது.

நடத்தை அளவீடு

நடத்தை வினாப்பட்டியல்கள் பார்வையுள்ள பிள்ளைகளை எண்ணி உருவாக்கப்பட்டவை. முகம் பார்த்துப் பேசாமை, தடுமாறி நடத்தல், ஒருவரையே சார்ந்திருத்தல் ஆகியவை பார்வையற்ற பிள்ளைக்கு இயல்பானவை. அவற்றை மனநலக் குறையாகக் கணக்கிடுவது தவறு. அதேவேளை பதற்றம், இல்லாததைக் காணுதல் போன்றவை இந்நோயில் உண்மையாகவே வருகின்றன. அவற்றைப் பார்வையிழப்பின் விளைவு என்று ஒதுக்குவதும் தவறே.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு உருவாக்கி 2005-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த பேட்டன் நோய் அளவுகோல் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொள்கிறது. அன்றாடச் செயல்திறனை உள்ளபடியும், பார்வை இயல்பாக இருந்தால் எப்படி இருக்கும் என்றும் இருமுறை மதிப்பிடுவது அதன் சிறப்பு. எனினும் இரண்டாம் மதிப்பீடு ஓர் ஊகமே. மதிப்பிடுபவரின் அனுபவத்துக்கேற்ப அது மாறக்கூடும்.

செய்ய வேண்டியவை

தேர்வைச் சிறு பகுதிகளாகப் பிரித்து நடத்தலாம். வலிப்பு வந்த நாளிலும் மருந்தின் மயக்கம் உள்ளபோதும் தவிர்க்கலாம். தொட்டறியும் பொருள்களைச் சேர்க்கும்போது, பிள்ளையின் கைந்நடுக்கத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். எந்தப் பகுதி மாற்றப்பட்டது, எது விடப்பட்டது என்பதை அறிக்கையில் எழுதுவது கட்டாயம். பிறரோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், அதே பிள்ளையின் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

புதிய மருந்து பலன் தருகிறதா என்பதை முடிவு செய்ய இவ்வளவீடுகளும் தேவைப்படுகின்றன. பள்ளிக்கும் இவை வழிகாட்டி. பார்வையிழப்பை அறிவுக்குறைவாக எண்ணினால், பிரெய்ல் கற்கக்கூடிய ஆண்டுகள் வீணாகும். அறிவுச் சிதைவைப் பார்வையிழப்பாக எண்ணினால், பிள்ளையால் இயலாததைக் கேட்டு வருத்துவோம். இரண்டிலும் இழப்பு பிள்ளைக்கே.