இலக்கியத்தில் வயதுக் கணக்கு

வயது என்பது பிறந்தநாள் தொட்டுக் கழிந்த காலத்தின் அளவே எனின், அஃது எங்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். உலக வழக்கு அவ்வாறில்லை. கொரிய மரபிற் குழந்தை பிறந்தவுடனே ஒரு வயதினது. ஆண்டு பிறக்குந்தோறும் மேலும் ஒன்று கூடும். நிறைந்த ஆண்டுகளை எண்ணுதலே பொதுமுறை என்னுஞ் சட்டம் அந்நாட்டில் 2023ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாளினதாகலின், ஞாயிற்றாண்டில் 33 நிரம்பியவர் அக்கணக்கில் 34 நிரம்பியவராவர்.

தமிழ்ப் பாட்டியலார் எண்ணியது பருவத்தையே. பிள்ளைத்தமிழுக்கு மூன்று முதல் இருபத்தொன்று வரையுள்ள ஒற்றைப்பட்ட திங்களைக் கொண்டனர். உலாவிற்குப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தனர். அவை பெருவழக்கில் 5இல் தொடங்கி 40இல் முடியும்.

சிலப்பதிகாரத்திற் கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. இக்கால வாசகர் இவ்வெண்களைக் கண்டு இடர்ப்படுவர். பன்னிரண்டு மங்கைப் பருவத்தின் முதலாண்டாகலின், அடிகள் குறித்தது பருவமே என அமைதி கூறலாம். ஆயின் பாட்டியல்கள் காலத்தாற் பிற்பட்டவை. பின்னூல் கொண்டு முன்னூலை அளத்தல் பொருந்தாது. காப்பியம் எண்ணையே கூறுகின்றது. மணத்திற்குரிய வயதாகவே கூறுகின்றது. அதனை மறைத்தல் திறனாய்வாகாது.

உலா நாற்பதோடு நின்றதும் நோக்கத்தக்கது. அதற்கு மேற்பட்ட பெண்டிர் ஊரில் இலரல்லர். நூலின் நோக்கில் இலர். ஆகவே, ஒரு நூலின் வயதுக் கணக்கு மாந்தர் வாழ்நாளினும் அச்சமுதாயத்தின் பார்வையையே பெரிதும் அளக்கின்றது என்க.