டைகர் கழுத்தில் ஐந்து மாதம்

டைகர் 37 கிலோ. பாதி ரோட்வைலர், பாதி தோட்டத்து நாய். சித்தியவானில் எங்கள் வரிசைக்குக் கடைசி வீடு. பின்வேலியைத் தாண்டினால் செம்பனை. என் சிறுவயதில் அங்கே பால்மரம் நின்றது. மரம் மாறிவிட்டது, நாயின் காதுமடலில் உண்ணி மட்டும் அப்படியேதான்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இணையக் கடை ஒன்றில், கழுத்தில் தொங்கவிடும் மீயொலிப் பதக்கம் வாங்கினேன். நம் காதுக்குக் கேட்காத ஒலியில் உண்ணியும் தெள்ளும் ஓடிப்போகும் என்றது விளம்பரம். மூன்றாவது வாரம் பதக்கத்தின் அடியிலேயே ஓர் உண்ணி ஒட்டிக்கிடந்தது; கழற்றிவிட்டேன். இப்படிப்பட்ட மீயொலிக் கருவிகளைச் செய்து விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் பேசக்கூடாது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2001-லேயே கடிதம் அனுப்பியிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் படித்திருந்தால் காசு மிச்சம்.

அதன் பிறகுதான் செரெஸ்டோ கழுத்துப்பட்டி. வட்டத் தகர டப்பாவுக்குள் சுருட்டி வைத்த சாம்பல் நிறப் பட்டி. 8 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு 70 சென்டிமீட்டர் நீளம். டைகரின் தடித்த கழுத்தைச் சுற்றிய பின்னும் மிச்சம் வந்தது, வெட்டிக்கொண்டேன். பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தோலில் படாமல் ரோமத்தின் மேல் தொங்கினால் பயனில்லை. மணம் கிட்டத்தட்ட இல்லை.

உள்ளே இரண்டு மருந்து. தெள்ளுக்கு இமிடாகுளோபிரிட், உண்ணிக்கு ஃபுளூமெத்ரின். பட்டியிலிருந்து மெல்லக் கசிந்து தோலின் எண்ணெயோடு உடல் முழுக்கப் பரவுகிறது. பூச்சி கடிக்கக்கூட வேண்டாம், பட்டாலே போதும். மாட்டும்போதே உடம்பில் இருக்கும் உண்ணி சாக இரண்டு நாள் ஆகும். டைகரிடம் மூன்றாம் நாள் காதைப் புரட்டினேன். ஆமணக்கு முத்துபோல் ஊதிக்கிடந்தவை காய்ந்து, இழுத்ததும் கையோடு வந்தன. (லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே சொல்தான், ரிசினஸ். நம் கண்ணுக்குப் பட்டது அவர்களுக்கும் பட்டிருக்கிறது.)

டப்பாவில் போட்டிருக்கும் எட்டு மாதத்தை அப்படியே நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறைக்கு மேல் குளித்தால் தெள்ளுக்கு ஐந்து மாதம், உண்ணிக்கு ஏழு என்று அமெரிக்க லேபிளே சொல்கிறது. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஷாம்பூ. ஆகவே நான் ஐந்து என்றே கணக்கு வைத்தேன்.

இரண்டாம் மாதமும் குட்டி உண்ணிகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர், "என்னா அண்ணே, நாயைக் காட்டுக்குள்ள விட்டா உண்ணி ஏறாம என்னா செய்யும்?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நம் நாய்களில் அதிகம் ஒட்டுவது பழுப்பு நாய் உண்ணி. அதற்குச் செம்பனையைவிட வீடுதான் பிடிக்கும். ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலைத் தேடி ஏறி, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு, இளம் உண்ணி, பெரியது என்று மூன்று பருவத்திலும் நாயிடம் வந்து குடித்துவிட்டு மறுபடி சுவருக்கே போகும். ஒரு ராத்திரி அஞ்சடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவு நிலையின் இடுக்கில் வரிசை வரிசையாக இருந்தன. பட்டியைக் குறை சொல்ல வாயில்லை.

அந்த வாரம் விரிசலுக்கெல்லாம் சிமெண்டு பூசினேன். டைகர் படுக்கும் சாக்கை எரித்தேன். பெர்மெத்ரின் தெளித்து, காயும்வரை யாரையும் விடவில்லை. பூனைக்கு அது எமன் என்பதால் பக்கத்து வீட்டிலும் சொல்லிவைத்தேன். தாத்தா பழைய பால்டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிடுங்கிய உண்ணியை அதில் போடுவார். அந்தப் பழக்கம் நல்லது. அதே மண்ணெண்ணெயை நாயின் மேல் பூசுவதுதான் கொடுமை. தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம்.

பட்டி வேண்டாம் என்பவருக்கு மாத்திரை உண்டு. பிரவெக்டோ ஒன்று கொடுத்தால் பன்னிரண்டு வாரம், குளியல் கணக்கே இல்லை. ஆனால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். இந்த மருந்துக் குடும்பம் சில நாய்களுக்கு வலிப்பு தரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. வலிப்பு வந்த நாயானால் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். செரெஸ்டோ மீதும் புகார்கள் குவிந்தன. 2023-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஆராய்ந்து, நிபந்தனைகளோடு விற்பனையைத் தொடர விட்டது. போலிப் பட்டிகள் உலவுவதால் நான் கிளினிக்கில்தான் வாங்கினேன். நூறு வெள்ளிக்கு மேல் போனது. 'டிக் ஃபீவர்' வந்து ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் ஒழுகிய நாயைப் பார்த்தவர் பேரம் பேசமாட்டார்.

போன ஞாயிறு குளிப்பாட்டும்போது தேடினேன். தெள்ளு இல்லை. இடது காதில் ஓர் உண்ணி, செத்தது. இன்னொன்று உயிரோடு கதவு நிலையில் ஏறிக்கொண்டிருந்தது. பால்டின்னை எடுத்துவரச் சொன்னேன்.