வாசகியின் நேரமும் காதல் புதினத்தின் வணிகமும்

முன்னுரை

தமிழ்ப் புதின வரலாறுகள் பலவற்றில் காதல் புதினங்கள் ‘வணிக எழுத்து’ என்னும் ஒரே தொடருக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன. அத்தொடர் தீர்ப்பாக நிற்கின்றதே தவிர விளக்கமாக அமையவில்லை. வணிகம் என்றால் விற்கப்படும் பொருள் யாது, விற்பவர் யார், விலையைக் கணக்கிடும் அளவுகோல் யாரிடம் உள்ளது என்னும் வினாக்கள் எழவேண்டும். வை.மு. கோதைநாயகி அம்மாள், ரமணிசந்திரன், இன்றைய கைப்பேசித் தொடர் எழுத்தாளர்கள் என்னும் மூன்று நிலைகளில் இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. வாசகியின் ஓய்வு நேரத்தை அறிந்து அதற்கேற்பக் கதையைப் பகுத்துத் தருவதே காதல் புதினத்தின் வெற்றிக்கு அடிப்படை என்பதும், அந்நேரத்தை அளப்பவர் எவரோ அவரே வருவாயின் பங்கையும் தீர்மானிக்கின்றார் என்பதும் இதன் கருத்தாகும்.

வாய்பாடும் மரபும்

காதல் புதினங்களின்மீது சுமத்தப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, அவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை என்பதாகும். தன்மானமுள்ள நாயகி, செல்வமும் செருக்கும் உடைய நாயகன், இருவரிடையே ஒரு தவறான புரிதல், இறுதியில் இணைவு என்பது அவ்வாய்பாடு. ஆயின் வாய்பாடு என்பது தன்னளவில் குறையாகாது. அகத்திணை மரபும் முதல், கரு, உரி என்னும் வரையறைக்குள் இயங்கியதே. வரையறை முன்னரே தெரிந்திருப்பதால்தான் நுண்ணிய வேறுபாடுகளைச் சுவைஞர் உணர முடிகின்றது.

இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. அகமரபில் களவு முன்னும் கற்பு பின்னும் நிகழும். தமிழ்க் காதல் புதினங்கள் பலவற்றில் இம்முறை தலைகீழாகின்றது. கட்டாயத்தாலோ சூழ்நிலையாலோ திருமணம் முதலில் நிகழ்ந்துவிட, காதல் அதன்பின் மெல்ல அரும்புகின்றது. பெரியோர் நிச்சயிக்கும் மணமே பெருவழக்காயுள்ள சமூகத்தில், மணத்திற்குப் பின்னேனும் தான் விரும்பப்படவேண்டும் என்னும் வேட்கையை இவ்வமைப்பு நிறைவு செய்கின்றது எனலாம். ஆயினும் வாய்பாடு மட்டுமே வெற்றிக்குக் காரணமாகாது. அதே வாய்பாட்டைக் கையாண்ட எழுத்தாளர்கள் பலர். நிலைத்து விற்றவர்கள் சிலரே. எனவே கதைக்கு வெளியேயும் காரணம் தேடவேண்டியுள்ளது.

கோதைநாயகி அம்மாள்: அளவுகோல் தம் கையில்

கோதைநாயகி அம்மாள் (1901-1960) 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, தம் புதினங்களை அதில் தொடராக வெளியிட்டுப் பின் நூலாக்கினார். அவர் எழுதியவை நூற்றுக்கும் மேற்பட்டவை. காதல் புதினம் என்னும் தனி வகைமை அன்று உருவாகவில்லை. அவருடைய கதைகளில் காதலும் குடும்பமும் மர்மமும் சமூகச் சீர்திருத்தமும் கலந்தே வருகின்றன. இங்குக் கருதவேண்டியது, எழுதுபவரும் இதழை நடத்துபவரும் ஒருவரே என்னும் நிலையாகும். ஓர் அத்தியாயத்தை எங்கு நிறுத்துவது, அடுத்த இதழ்வரை வாசகியை எவ்வாறு காத்திருக்க வைப்பது என்பவற்றை அவரே முடிவு செய்தார். வாசகியின் கடிதமும் சந்தாவும் அவரிடமே வந்தன. இழப்பு நேரினும் அவருடையதே, ஈட்டமும் அவருடையதே.

ரமணிசந்திரன்: அளவுகோல் பதிப்பாளர் கையில்

1969இல் தொடங்கிய ‘ராணிமுத்து’ முதலான மாத நாவல்கள், முழுக்கதையையும் ஒரே வெளியீட்டில் மலிவு விலைக்குத் தந்தன. பேருந்து நிலையப் பெட்டிக்கடை புத்தகக் கடையாயிற்று. மறுபுறம், சென்னையில் 1955இல் தொடங்கப்பட்ட ஈஸ்வரி வாடகை நூலகம் போன்றவை நூலை விலைக்கு வாங்க இயலாத பெண்களுக்கும் வாசிப்பை எட்டச் செய்தன. இவ்விரு வழிகளிலும் பெரிதும் வாசிக்கப்பட்டவர் ரமணிசந்திரன். அருணோதயம் பதிப்பகம் அவருடைய புதினங்களைத் தொடர்ந்து நூலாக வெளியிட்டது. 2008இல் பிளாஃப்ட் வெளியிட்ட தமிழ் வெகுசனப் புனைகதைகளின் ஆங்கிலத் தொகுப்பிலும் அவர் இடம்பெற்றார்.

அவருடைய வெற்றியின் கூறுகள் இரண்டு. ஒன்று, ஒரு பிற்பகலில் படித்து முடிக்கத்தக்க அளவு. மற்றொன்று, வீட்டில் எவர் பார்வையில் பட்டாலும் மறைக்க வேண்டாத கண்ணியம். தாயும் மகளும் ஒரே பிரதியைப் படிக்கலாம் என்னும் உறுதியை அட்டையிலுள்ள பெயரே அளித்தது. அமெரிக்கப் பெண் வாசகர்களை ஆராய்ந்த ஜேனிஸ் ராட்வே, 1984இல் வெளியிட்ட தம் நூலில், காதல் புதினம் படிக்கும் செயலே இல்லக் கடமைகளினின்று பெண் தனக்கெனப் பிரித்தெடுத்துக்கொள்ளும் நேரம் என்று விளக்கினார். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் கிடைக்கும் தமிழ்ப் பெண்ணின் பிற்பகலுக்கும் இது பொருந்துகின்றது.

ஆயின் வாடகை நூலகத்தில் ஒரு பிரதியை நூறு பேர் படித்தாலும் எழுத்தாளருக்குரிய உரிமைத்தொகை ஒரு பிரதிக்கே. வாசகி செலவிட்ட நேரத்திற்கான வாடகை நூலகத்தாரைச் சேர்ந்தது. வாசகியின் புகழ்ச்சி எழுத்தாளரை எட்டியது. அவள் தந்த காசு எட்டவில்லை.

கைப்பேசித் தொடர்: அளவுகோல் நிறுவனத்தின் கையில்

இக்கட்டுரையாளர் வாழும் ஹெப்பகோடி, பெங்களூரு–ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்துள்ள தொழிற்பகுதி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்து பணிபுரியும் தமிழ்ப்பெண்கள் இங்குப் பலர். தமிழ் நூல் விற்கும் கடையை இங்குக் காண்பது அரிது. எனினும் பணிமுறை மாறும் வேளையில், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பற்றி மறு கையால் கைப்பேசித் திரையை நகர்த்தித் தமிழ்த் தொடர்கதை படிப்போரைக் காணமுடிகின்றது. அவர்களது ஓய்வு நேரம் பிற்பகல் அன்று. இரு நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட சில நிமிடங்களே.

இந்நிமிடங்களுக்கேற்பக் கதை சுருங்கியுள்ளது. 2014இல் இதே பெங்களூருவில் தொடங்கப்பட்ட ‘பிரதிலிபி’ போன்ற தளங்களில், சிறு அத்தியாயங்களாக எழுதப்படும் காதல் தொடர்கள் பெருகியுள்ளன. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு திருப்பத்தில் முடிந்தாகவேண்டும் என்பது எழுதப்படாத விதி. 2016இல் அமேசான் தன் கிண்டில் மின்னூல் கடையில் தமிழ் நூல்களைச் சேர்த்தபின், பதிப்பாளரை நாடாமலே நூல் வெளியிடும் வாய்ப்பும் பலருக்குக் கிட்டியது. இல்லத்தரசிகளும் பணிபுரியும் பெண்களும் இதனால் எழுத்தாளராயினர் என்பது மறுக்கவியலாத நன்மை.

கிண்டிலின் சந்தாத் திட்டத்தில் வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்ப எழுத்தாளருக்குத் தொகை வழங்கப்படுகின்றது. வாடகை நூலகம் தராத நீதி இதில் உண்டு. நூறு பேர் படித்தால் நூறு வாசிப்பும் கணக்கில் வரும். ஆனால் பக்கத்திற்கு எவ்வளவு என்பதை நிறுவனமே மாதந்தோறும் முடிவு செய்கின்றது. வாசகி எந்த வரியில் நிறுத்தினாள் என்பதையும் நிறுவனமே அறியும். கோதைநாயகி தம் இதழ்வழி அறிந்ததைக் காட்டிலும் நுண்மையான இவ்வறிவு, முழுமையாக எழுத்தாளரை வந்தடைவதில்லை.

இதன் விளைவு பனுவலிலும் படிகின்றது. பக்கத்திற்கே பணம் என்னும்போது நாயகன் நாயகியின் தவறான புரிதல் தேவைக்கு மேல் நீள்வதற்கு வழியுண்டு. மேலும், இணையத்தில் முடிந்த தொடரைச் சில நாள்களில் நீக்கிவிட்டு, மின்னூலாகவோ அச்சு நூலாகவோ வெளியிடும் வழக்கம் பரவியுள்ளது. வாசகியரின் கருத்துகளால் வாரந்தோறும் மாறி வளர்ந்த முதல் வடிவம் அழிந்து, திருத்திய வடிவமே எஞ்சுகின்றது.

முடிவுரை

மூன்று நிலைகளிலும் வாய்பாடு பெரிதும் மாறவில்லை. மாறியது அளவுகோலை ஏந்தும் கையே. இதழாசிரியராய் அதனைத் தாமே ஏந்திய பெண், பின்னர்ப் பதிப்பாளரிடமும் இன்று நிறுவனத்திடமும் அதனைக் காண்கின்றாள். வணிக வெற்றி என்பதை விற்பனை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவது இம்மாற்றத்தை மறைத்துவிடும்.

தமிழ்த்துறைகளுக்கு இதில் ஒரு கடமை உண்டு. மாத நாவல்களை அவை வெளிவந்த காலத்தில் பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் சேகரிக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அவற்றை இன்று தேடவேண்டியுள்ளது. இணையத் தொடர்களுக்குப் பழைய புத்தகக் கடையும் இல்லை. எழுத்தாளரின் இசைவுடன் முதல் வடிவங்களையும் வாசகியரின் எதிர்வினைகளையும் தொகுத்துக் காப்பது உடனடித் தேவையாகும். இவற்றுள் இலக்கியத் தரம் வாய்ந்தவை எவை என்பதைப் பின்வரும் ஆய்வாளர் முடிவு செய்யட்டும். அம்முடிவுக்குப் பனுவல் எஞ்சியிருக்கவேண்டும்.